பேசாத பிள்ளைக்காக என்ன வேண்டிக்கொள்வது? (ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு)

தாமிரபரணி_அம்மா

வணக்கம். என் மகனுக்கு 12 வயது. ஆட்டிசம், பேச்சு இல்லை. சந்தோஷம் வந்தால் ‘ஈ…’ என்று நீட்டிக் குரல் கொடுப்பான். பசித்தால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அடுப்படியில் நிறுத்துவான். வார்த்தை என்று ஒன்று இதுவரை வந்ததில்லை. தெரபி, பள்ளி, சாப்பாடு பற்றியெல்லாம் நாம் நிறையப் பேசியாயிற்று. இப்போது நான் பேச நினைப்பது சாமி விஷயம். இதைப் பற்றி வீட்டில் பேசினால் சண்டை வருகிறது, டாக்டரிடம் பேச முடியாது, கோயிலில் பேசினால் பரிகாரம் சொல்கிறார்கள்.

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றால் இங்கே எல்லாரும் முதலில் சொல்வது குமரகுருபரர் கதை. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர், ஐந்து வயது வரை பேசவில்லை, பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுபோனார்கள், முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த பாட்டி வரைக்கும் எனக்கு இதைச் சொல்லியிருக்கிறார்கள். நாங்களும் போனோம். நாழிக்கிணற்றில் குளிப்பாட்டி, பன்னீர் இலையில் விபூதி வாங்கி நாக்கில் வைத்தோம். சீர்காழியை ஒட்டியிருக்கும் திருக்கோலக்காவுக்கும் போனோம். குழந்தை சம்பந்தருக்கு சிவன் பொற்றாளம் கொடுத்த தலம் அது. அந்தத் தாளத்துக்கு ஓசை தந்ததால் அங்கே அம்பாளுக்கு ஓசைகொடுத்த நாயகி என்று பெயர். பேச்சு வராத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அந்த வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் ஒரு அம்மா, பின்னால் ஒரு அம்மா. மூன்று பேரும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் மூன்று பேருக்கும் விஷயம் தெரியும்.

மகன் ஐந்து வயதைத் தாண்டினான், ஆறையும் தாண்டினான். குமரகுருபரர் கதையைச் சொல்கிறவர்கள் குறைந்துபோனார்கள். அந்தக் கதையில் அதற்கப்புறம் எங்களுக்கு இடமில்லை.

எனக்கு ஆறுதலாக நின்றது அதே திருச்செந்தூர் ரோட்டில், ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டியதும் வரும் ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் பிறந்து அழவில்லை, பால் குடிக்கவில்லை, கண் திறக்கவில்லை. அப்பா காரி, அம்மா உடையநங்கை. பிள்ளையை ஆதிநாதர் கோயிலுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே புளியமரத்தடியில் பேசாமல் 16 வருஷம் இருந்தார். மதுரகவியாழ்வார் வந்து கேள்வி கேட்டதும் பதில் சொன்னார், அப்புறம் திருவாய்மொழி. எல்லாருக்கும் இந்த முடிவுதான் பிடிக்கும். நான் நினைத்துக்கொள்வது அந்த 16 வருஷத்தை. அந்த அம்மா தினமும் மரத்தடிக்குப் போனாளா, என்ன கொண்டுபோனாள், என்ன சொல்லிவிட்டுத் திரும்பினாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. திருவாய்மொழி வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமலேதான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

இன்னொன்று. மதுரகவி வந்ததும் ‘பேசு’ என்று சொல்லவில்லை. முதலில் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டு, காது கேட்கிறதா என்று பார்த்தாராம். (நம் டாக்டர்களும் முதலில் காதுக்குத்தானே டெஸ்ட் எழுதுகிறார்கள்.) கண் திறந்ததைப் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளைக்குத் தகுந்த ஒரு கேள்வியைக் கேட்டார்.

இதையெல்லாம் யோசித்து யோசித்து என் வேண்டுதல் மாறிவிட்டது. ‘இவனைப் பேச வை’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். ‘இவன் சொல்வது எனக்குப் புரியும்படி வை’ என்றுதான் இப்போது கேட்கிறேன். நம்பிக்கை போனதால் இப்படிக் கேட்கவில்லை; முன்னைவிட இப்போதுதான் அதிகம் நம்புகிறேன்.

நீங்கள் என்ன வேண்டிக்கொள்கிறீர்கள்? எந்த மதமாக இருந்தாலும் சரி, சாமியே இல்லை என்றாலும் சரி, சொல்லுங்கள்.

மலைக்கோட்டை_அப்பா

அக்கா, எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மகளுக்கு 9 வயது, அவளும் பேசுவதில்லை. என் அப்பாவின் திதிக்கு வந்த சொந்தக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாத குறை என்றார்கள். இன்னொருவர் போன ஜென்மத்துக் கணக்கு என்றார். மகள் அங்கேயேதான் இருந்தாள். அன்றைக்கு நிறுத்தினேன் கோயிலுக்குப் போவதை. மனைவி போகிறாள், நான் வாசலில் செருப்புக்குக் காவல்.

உங்கள் எழுத்து மனதைத் தொட்டது, ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். கிடைக்காததைக் கேட்பதை விட்டுவிட்டு, கிடைக்கக்கூடியதைக் கேட்பதற்கு மாறியிருக்கிறீர்கள். அது பிரார்த்தனையா, இல்லை நம்மை நாமே தேற்றிக்கொள்வதா? அந்த வேண்டுதலுக்கு எப்போதாவது பதில் வந்ததுண்டா?

தாமிரபரணி_அம்மா

தம்பி, நல்ல கேள்வி. தப்பாக எடுக்க என்ன இருக்கிறது?

பதில் வந்தது. மகன் டேப்லெட்டில் படத்தைத் தொட்டுப் பேசப் பழகுகிறான். தண்ணீர், தோசை, ஊஞ்சல் இப்படி. கோயிலுக்கு என்று அதில் ஒன்றும் இல்லாமல் இருந்தது. அவனுடைய டீச்சர்தான் சொன்னார்கள், ‘போகும் இடத்துக்கெல்லாம் வார்த்தை வேண்டும் மேடம், சாமி என்று மட்டும் வைக்காதீர்கள், போதும், வெளியே, சத்தம் இதையும் வையுங்கள்’ என்று. வைத்தோம். ஒரு கிருத்திகை அன்றைக்குக் கூட்டம். வரிசையில் நின்று நின்று சந்நிதிக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். திரை விலகப் போகிறது. மின்சார மேளத்தைப் போட்டுவிட்டார்கள். முரசும் மணியும் ஒன்றாக அடித்தால் பெரியவர்களுக்கே காது அடைக்கும். அவன் காதைப் பொத்தவில்லை, கத்தவில்லை, என்னைக் கடிக்கவில்லை. டேப்லெட்டை எடுத்து ‘போதும்’ என்று தொட்டான். என் முகத்தைப் பார்த்தான். மறுபடியும் ‘போதும்’.

என் மாமியார், ‘அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோடா, தீபாராதனை பார்த்துட்டுப் போயிரலாம்’ என்றார்கள். அவர்கள் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் ‘இவன் சொல்வது எனக்குப் புரியட்டும்’ என்று நின்றவள் நான். அவன் தெளிவாகச் சொல்லிவிட்டான். அதைக் கேட்காமல் அங்கே நின்று நான் யாரைக் கும்பிடுவது? வரிசையை விட்டு வெளியே வந்தோம். பிரகாரத்தில் ஆள் இல்லாத பக்கமாக ஒரு தூணில் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றான். கல் சில்லென்று இருப்பது அவனுக்குப் பிடிக்கும். நானும் பக்கத்தில் நின்றேன். என்னைப் பொறுத்தவரை அன்றைக்கு எனக்கு தரிசனம் ஆயிற்று.

கர்மா பற்றி: எனக்குக் கர்மாவில் நம்பிக்கை உண்டு. ஆனால் அது என்னை நான் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டியது. பந்தியில் உட்கார்ந்துகொண்டு இன்னொருவர் பிள்ளைக்குத் தீர்ப்பு எழுத யாருக்கும் அதிகாரம் கிடையாது.

சிறப்புக்கல்வி_டீச்சர்

மலைக்கோட்டை சார், உங்கள் சொந்தக்காரர்கள் சொன்னதைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது. லியோ கானர் 1943-ல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் இன்று நாம் சொல்லும் பொருளில் தொடங்குகிறது. அதற்கப்புறம் சுமார் இருபது வருஷம் அமெரிக்காவில் என்ன சொன்னார்கள் தெரியுமா? அம்மாவுக்குப் பாசம் போதவில்லை, மனசு ஐஸ் மாதிரி, அதனால்தான் பிள்ளை இப்படி என்றார்கள். படித்த டாக்டர்கள் சொன்னார்கள். அந்த அம்மாக்கள் எல்லாரும் அதைச் சுமந்துகொண்டு அலைந்தார்கள். பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964-ல் அது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது, வளர்ப்பில் குற்றம் இல்லை என்று ஆதாரத்தோடு எழுதினார். அவர் மகனுக்கும் ஆட்டிசம்.

இங்கே பாவம் என்கிறார்கள், அங்கே பாசமில்லை என்றார்கள். பழி கடைசியில் பெற்றவர்கள் தலையில்தான் வந்து விழுகிறது. இன்றைக்குத் தெரிந்தவரை மரபணுக்களின் பங்கு பெரியது. யார் செய்த குறையும் இல்லை.

கடற்கரை_மேரி

நான் கிறிஸ்தவர், தூத்துக்குடி. இந்தக் கேள்வி எங்கள் வேதத்திலும் இருக்கிறது. பிறவியிலேயே கண் தெரியாத ஒருவனைக் காட்டி சீடர்கள் இயேசுவிடம் கேட்கிறார்கள், இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று. இரண்டும் இல்லை என்கிறார். யோவான் 9-ம் அதிகாரம். கர்மா என்று சொல்லாவிட்டாலும் எங்கள் ஆட்களும் இதே கேள்வியைத்தான் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போனீங்களா, அந்த ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனீங்களா, விசுவாசம் போதலையோ என்று.

அந்த அதிகாரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அவனுக்குப் பார்வை வந்தபின் பரிசேயர் (அந்தக் காலத்து யூத மதப் பெரியவர்கள்) அவன் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். அவர்கள், அவன் வயது வந்தவன், அவனையே கேளுங்கள் என்கிறார்கள். பயந்துபோய்ச் சொன்ன பதில்தான் அது, வேதமே அப்படிச் சொல்கிறது. ஆனாலும் எனக்கு அது வேறு மாதிரி உதவுகிறது. என் மகனுக்கு 15 வயது. டாக்டர் என்னிடம் கேட்பார், கடைக்காரர் என்னிடம் கேட்பார், சாமியார் என்னிடம் கேட்பார். ‘அவனையே கேளுங்க ஃபாதர்’ என்று சொல்லிப் பழகிவிட்டேன். பதில் வர நேரமாகும். தலை ஆட்டுவான், இல்லை கையைத் தள்ளிவிடுவான். காத்திருந்தால் வரும்.

அவன் புதுநன்மை வாங்கின (முதல் தடவை நற்கருணை அப்பம் வாங்கின) கதையையும் சொல்கிறேன். அப்பம் நாக்கில் ஒட்டுவது அவனுக்கு ஆகாது, உடனே துப்பிவிடுவான். துப்பினால் என்ன ஆகும் என்று எனக்கு உதறல். ஞானோபதேச வகுப்பில் சிலர், இவனுக்கு என்ன புரியும், எதற்கு அவசரம் என்றார்கள். பங்குச்சாமியார், அர்ச்சிக்காத அப்பம் கொஞ்சம் கொடுத்துவிட்டு, வீட்டில் பழக்குங்கள் என்றார். முதலில் தொட்டுப் பார்த்தான், அப்புறம் மோந்து பார்த்தான், உதட்டில் வைத்தான், நாளாக நாளாக ஒரு ஓரத்தைக் கடித்தான். பூசையில் சாமியார் நகத்தளவு துண்டு பிட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டான். வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்து ‘ம்’ என்றான். புரியுமா புரியாதா என்று கேட்டவர்கள் யாருக்கும் நான் பதில் சொல்லவில்லை. எனக்கே முழுதாகப் புரியாத ஒன்றுதான் அது.

வெள்ளிவீதி

எல்லாருடைய அனுபவமும் அருமை. நான் ஒரு கோணம் சொல்கிறேன். பேசாத பிள்ளைகள் நம்மைவிட உயர்ந்த நிலையில் இருக்கும் ஆன்மாக்கள். பேச்சு தேவைப்படாததால் பேசவில்லை, அவ்வளவுதான். அம்மா மனதில் நினைப்பதை அப்படியே அறிகிறார்கள். வெளிநாட்டில் ஒரு பாட்காஸ்டில் இதைப் பற்றி நிறைய வருகிறது. அம்மா மட்டும் பார்த்த எண்ணை பிள்ளை எழுத்துப் பலகையில் காட்டிவிடுகிறதாம். நம் சித்தர்கள் மௌனத்தைப் பற்றிச் சொன்னதும் இதுதானே? தெரபி என்று பிள்ளைகளைப் படுத்துவதை விட்டுவிட்டு அவர்களைக் கும்பிட வேண்டும்.

சிறப்புக்கல்வி_டீச்சர்

வெள்ளிவீதி, உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் இதை மறுக்காமல் விட முடியாது. பிள்ளையின் கையையோ எழுத்துப் பலகையையோ இன்னொருவர் பிடித்துக்கொண்டு எழுத வைக்கும் முறை 1990-களில் பெரிதாகப் பரவியது. அப்போதே சோதித்தார்கள். பிள்ளைக்கு ஒரு படம், பிடித்துக்கொண்டிருப்பவருக்கு வேறு படம் காட்டினார்கள். எழுத்தில் வந்தது, பிடித்துக்கொண்டிருந்தவர் பார்த்த படம். அவர்கள் ஏமாற்றவில்லை. தங்கள் கைதான் நகர்த்துகிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018-ல் இந்த மாதிரி முறைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாக அறிவித்தது. அம்மா பார்த்த எண் பலகையில் வருகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது அம்மாவின் கையை.

இதில் எனக்குள்ள கவலை என்ன என்றால், பிள்ளை சொல்ல வந்ததை மறைத்துவிட்டு நம் ஆசையை அது பேசியதாக எடுத்துக்கொள்வோம். தாமிரபரணி அக்காவின் மகன் ‘போதும்’ என்று தொட்டானே, அது அவனே தனியாக, யாரும் பிடிக்காமல் சொன்னது. அந்த ஒரு ‘போதும்’ ஆயிரம் தத்துவத்துக்குச் சமம்.

புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்காக: ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சுமார் 30 சதவீதம் பேருக்குப் பேச்சு மிகக் குறைவாகவே வருகிறது, அல்லது வருவதே இல்லை. படம் காட்டிப் பேசப் பழக்கினால் வர இருக்கும் பேச்சும் நின்றுவிடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். ஆய்வுகள் காட்டுவது அதற்கு நேர்மாறு: பேச்சை அது தடுப்பதில்லை, சில பிள்ளைகளுக்குக் கூடவே கொஞ்சம் பேச்சும் வருகிறது. படத்தைத் தொட்டுப் பேச, சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் உண்டு. காசு இல்லையென்றால் அட்டையில் படம் ஒட்டியே தொடங்கலாம்.

நொய்யல்27

நான் பெற்றோர் இல்லை. எனக்கே ஆட்டிசம். வயது 27. எட்டு வயது வரை பேசவில்லை. இப்போதும் களைத்துப்போனால் பேச்சு நின்றுவிடும், அப்போது டைப் செய்வேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

பேசாமல் இருந்த காலத்தில் என் முன்னால் என்னைப் பற்றிப் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சாபம் என்று ஒரு அத்தை. சாமிப் பிள்ளை என்று ஒரு பெரியம்மா. பெரியம்மா நல்லவர், வரும்போதெல்லாம் என் காலைத் தொட்டுக் கும்பிடுவார். எனக்குக் காலைத் தொட்டால் எரிகிற மாதிரி இருக்கும். உதைத்தால், ‘அருள் வந்திருக்கு’ என்பார். எனக்கு வலிக்கிறது என்பதை அந்த வீட்டில் என் ஆச்சி ஒருத்திதான் கண்டுபிடித்தார். ‘அவனுக்குப் பிடிக்கல, தொடாதே’ என்றார். ஆச்சி பெரிய பக்திமான் எல்லாம் இல்லை.

எல்லாப் பேசாதவர்களுக்காகவும் நான் பேச முடியாது. ஆனால் உயர்ந்த ஆன்மா என்று சொல்லி தெரபியை நிறுத்தினால், தண்ணீர் வேண்டும் என்று கேட்க அந்தப் பிள்ளைக்கு வழி இல்லாமல் போய்விடும். வெள்ளிவீதி யோசித்துப் பாருங்கள்.

வெள்ளிவீதி

காலைத் தொடுவது பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன், தம்பி. என் அக்கா மகன் அப்படித்தான் துள்ளுவான். நான் இப்போதும் அவர்கள் மௌனத்தில் ஏதோ இருக்கிறது என்றே நம்புகிறேன். ஆனால் இனி முதலில் கேட்டுவிட்டுத் தொடுகிறேன்.

தாமிரபரணி_அம்மா

நொய்யல் தம்பி, உன் பதிலுக்குக் கோடி நன்றி. உரிமையோடு ‘நீ’ என்கிறேன், உன் ஆச்சிக்கும் என் வணக்கம்.

நீ சொன்ன வலி விஷயத்தை எல்லாரும் கவனிக்க வேண்டும். போன வருஷம் திடீரென்று என் மகன் இடது கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான். ராத்திரி தூக்கமில்லை. தெருவில் ஒருவர் காற்று சேஷ்டை, வேப்பிலை அடிக்கணும் என்றார். இன்னொருவர் அமாவாசை நெருங்குது, சாமி வர்ற நேரம் என்றார். டீச்சர் போனில் கேட்ட முதல் கேள்வி, ‘பல் பார்த்தீங்களா?’ என்பது. சிறப்புக் குழந்தைகளுக்குப் பார்க்கும் பல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். இடது பக்கம் கடைவாய்ப்பல்லில் சொத்தை நரம்பு வரை போயிருந்தது. பல்லை எடுத்ததும் அறைவது நின்றது. புதிதாகத் தன்னையே அடித்துக்கொள்ள ஆரம்பித்தால் பல், காது, மலச்சிக்கல் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். வேப்பிலை அடித்திருந்தாலும், சாமி என்று கற்பூரம் காட்டியிருந்தாலும், சொத்தை அங்கேயேதான் இருந்திருக்கும்.

‘இவன் சொல்வது எனக்குப் புரியட்டும்’ என்ற வேண்டுதலுக்கு மலைக்கோட்டைத் தம்பி அர்த்தம் கேட்டாரே, அதில் இதுவும் சேர்த்தி. கன்னத்தில் அறைந்தது அவன் பேச்சு.

சந்நிதியான்_வீட்டுப்_பிள்ளை

வணக்கம். நான் யாழ்ப்பாணம், தொண்டைமானாற்றுப் பக்கம். இப்ப கனடாவில். என்ர தங்கச்சி மகள் பேச மாட்டாள், நானும் சேர்ந்துதான் வளர்க்கிறேன்.

எங்கட செல்வச்சந்நிதி முருகன் கோயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேணும். அங்கே பூசை செய்கிறவர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். மந்திரம் ஓதிப் பூசை செய்கிற வழக்கம் இல்லை. வாய்கட்டிப் பூசை என்று சொல்வோம். கதிர்காமத்திலும் அப்படித்தான். சின்ன வயசிலிருந்து பார்த்த விஷயம், அதை நான் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. ஊருக்குப் போனபோது மருமகளைக் கூட்டிக்கொண்டு போனேன். எட்டு வயசுப் பிள்ளை, பூசை செய்கிறவர் வாயில் கட்டியிருந்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேறெந்தக் கோயிலிலும் அவள் அப்படி ஒரு இடத்தில் நின்றதில்லை. அவளுக்கு என்ன தோன்றியதோ எனக்குத் தெரியாது, நான் எதையும் அவள் மேல் ஏற்றிச் சொல்லவும் விரும்பவில்லை. எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். வாய் திறக்காமல் செய்கிற பூசையை ஏற்றுக்கொள்கிற முருகன், இவளிடம் மட்டும் ஏன் பேச்சை எதிர்பார்க்கப் போகிறான்?

தாமிரபரணி அக்கா, திருச்செந்தூரில் பேச வைத்தவனும் அவன்தான், சந்நிதியில் வாய் கட்டியிருக்கிறவரிடம் பூசை வாங்குகிறவனும் அவன்தான். எங்களுக்கு இரண்டாவது கதை பொருந்தும்.

ஹாஜா_வாப்பா

சலாம். எங்கள் ஹஜ்ரத் (பள்ளிவாசல் இமாம்) சொல்லி ஆறுதல் தந்த விஷயம்: தூங்குகிறவர் விழிக்கும் வரை, சிறு பிள்ளை பருவமடையும் வரை, புத்தி தெளிவில்லாதவருக்குத் தெளியும் வரை, பேனா உயர்த்தப்பட்டிருக்கிறது. அவர்கள் மேல் கணக்கு எழுதப்படுவதில்லை என்று ஹதீஸில் (நபிமொழியில்) வருகிறது. ‘உங்க பிள்ளைக்குக் கேள்வி கணக்கு இல்லை பாய், நமக்குத்தான்’ என்றார். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

என் வீட்டம்மாவுக்கு அதில் பாதிதான் சம்மதம். கணக்கு இல்லை என்பதைச் சாக்காக வைத்து, இவனுக்கு ஒன்றும் புரியாது, எதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று யாரும் விட்டுவிடக் கூடாது என்பாள். அவள் சொல்வது சரி. 11 வயது மகன் இப்போது என்னோடு தொழ வருகிறான். ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) கூட்டம் ஆகாது, அஸருக்கு (சாயங்காலத் தொழுகைக்கு) கூட்டிப்போகிறேன். கடைசி வரிசையில் ஓரமாக நிற்போம். நிற்பதும் குனிவதும் ஒட்டாது, நடுவில் ஒரு சுற்று ஓடிவிட்டு வருவான். சஜ்தாவில் மட்டும் நெற்றியைத் தரையில் நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டு, எல்லாரும் எழுந்த பின்னும் அப்படியே இருப்பான். நெற்றியில் அழுத்தம் கொடுப்பது அவனுக்கு இதமாக இருக்கும் என்று தெரபிஸ்ட் சொல்கிறார். இருக்கட்டும். இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாதா என்ன?

மலைக்கோட்டை_அப்பா

எல்லாவற்றையும் படித்தேன். நான் மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கோயிலுக்குள் போகும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

ஆனால் ஒன்று இங்கேதான் கேட்க முடியும். என் மனைவியின் வேண்டுதல் என்ன என்று போன மாதம் கேட்டேன். ‘நான் போவதற்கு ஒரு நாள் முன்னால் அவள் போய்விட வேண்டும்’ என்றாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அதை எந்தச் சாமியிடமும் கேட்காதே என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக என்ன கேட்கச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடற்கரை_மேரி

தம்பி, உங்கள் மனைவி தனியாக இல்லை என்று சொல்லுங்கள். நானும் இதைச் செபமாலையோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். வெளியே சொல்லாத வேண்டுதல் இது.

நொய்யல்27

உங்கள் மகள் உங்களுக்குப் பின்னும் வாழ வேண்டும் என்று கேளுங்கள். என் அம்மாவும் அந்த வேண்டுதலைச் செய்தவர். நான் அதைக் கேட்டேன். எனக்குக் கோபம் இல்லை, பயமாக இருந்தது. இப்போது அம்மாவும் நானும் உட்கார்ந்து, யார், எங்கே, எவ்வளவு பணம், எந்த டாக்டர் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். என் சாப்பாட்டில் எது ஆகாது என்பது வரைக்கும்.

சிறப்புக்கல்வி_டீச்சர்

நோட்டு மிக நல்ல யோசனை. அதோடு சட்டத்திலும் வழி உண்டு. 1999-ம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு நான்கும் வருகின்றன. 18 வயதுக்குப் பின் சட்டப்படி காப்பாளர் தேவைப்பட்டால், கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது. அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபி செலவுக்கும் அதில் இடம் உண்டு. மாற்றுத்திறனாளி அட்டை இல்லாதவர்கள் முதலில் அதை எடுங்கள். 2016 சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று.

தாமிரபரணி_அம்மா

மலைக்கோட்டைத் தம்பி, உங்கள் வீட்டுக்காரியை என்னோடு பேசச் சொல்லுங்கள். அந்த வேண்டுதலை விடச் சொல்லி நான் உபதேசம் செய்ய மாட்டேன். அது வரும், ராத்திரி இரண்டு மணிக்குத்தான் வரும். நான் ஒன்று மட்டும் வைராக்கியமாக வைத்திருக்கிறேன். பெரியவளிடம், ‘எனக்குப் பின்னால் தம்பியை நீதான் பார்க்கணும்’ என்று சத்தியம் வாங்குவதில்லை. அவளாகச் செய்தால் சந்தோஷம். அவள் மேல் அந்தப் பாரத்தை ஏற்றிவிட்டு நான் விளக்கு ஏற்றினால் அந்த விளக்குக்கு மரியாதை இல்லை. அதனால்தான் காப்பாளர் விண்ணப்பத்தைப் பற்றி இப்போதே விசாரிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

கோயிலுக்கு எந்த நேரம் கூட்டிப்போவது என்று தனியாகச் செய்தி அனுப்பிக் கேட்டவர்களுக்கு: மத்தியானம் நடை சாத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் போங்கள், கிருத்திகை, பிரதோஷம், வெள்ளிக்கிழமை வேண்டாம். காதுக்கு மாட்டும் சத்தத் தடுப்பானை வீட்டிலேயே பழக்கிவிட்டுக் கொண்டுபோங்கள். மேளம் போடும் நேரத்தை அர்ச்சகரிடம் முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள். விபூதி வாயில் போடும் பிள்ளை என்றால் கையில் கொடுக்காமல் நீங்களே பூசிவிடுங்கள். அப்புறம் ‘போதும்’ படத்தை மறக்காதீர்கள்.

ஹாஜா பாய், பள்ளிவாசலுக்கும் இதே மாதிரி எழுதுங்களேன். மேரி அக்கா, நீங்களும் பூசை நேரம் பற்றி.

ஹாஜா_வாப்பா

இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை கழித்து எழுதுகிறேன். ரமலான் பற்றியும் சேர்த்து எழுத வேண்டும். சாப்பாட்டு நேரம் மாறுவதுதான் எங்கள் வீட்டில் பெரிய பாடு.

மலைக்கோட்டை_அப்பா

நம்பர் அனுப்புங்கள் அக்கா. அவளே கூப்பிடுகிறேன் என்கிறாள்.